அளக்காத வெறுங்குழாய்

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, என்ன காரியமாக வந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் போக வந்தேன் என்றேன். “இந்தியாவில் நோட்டுப் புத்தகம் கிடைப்பதில்லையா?” என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவர்தான் சிரித்தார். முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் பயணம் ஒத்துவராது. திருச்சியிலிருந்து மதுரைக்குப் போனாலே வயிறு கெட்டுவிடும். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று எங்கள் ஆய்வகத் தலைவரிடம் கெஞ்சிப் பார்த்தேன். “அவளோடு வேலை செய்தவன் நீதானே?” என்றார். மறுநாளே டிக்கெட் எடுத்தேன்.

அவள் என்றது துஷ்யந்தியை. யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்க்காரி. சென்னையில் ஏழு வருடம் எனக்குப் பக்கத்து மேசை. முப்பத்தேழு வயதில் இரத்தத்தில் புற்றுநோய் வந்தது. நான்கு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தன் ஆய்வு நோட்டையும் கையோடு கொண்டுபோயிருந்தாள். துணைக்கு வந்திருந்த அம்மா, மகளின் உடலோடு அவளுடைய சாமான்களையும் ஊருக்கு எடுத்துப் போனார். நோட்டும் அதில் போய்விட்டது.

நாங்கள் செய்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பென்சில் கரியை ஒரே ஒரு அணு கனத்துக்குத் தாளாக்கிச் சுருட்டினால் எப்படியிருக்குமோ, அதுதான் கார்பன் நானோகுழாய். தலைமுடியைப் பல்லாயிரம் கூறாகப் பிளந்தால் ஒரு கூறின் அகலம். அதற்குள் ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடைப்பாள் துஷ்யந்தி. ஆக்சிஜன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். வெளியே கும்பலாக இருக்கும்போது அவை ஒரு மாதிரி நடந்துகொள்ளும். விலக இடமில்லாத குழாய்க்குள், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது என்ன செய்யும்? அதைக் குளிர வைத்து அளப்பது என் வேலை. அடுத்தடுத்து நிற்பவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்பி, காந்தம் அடங்கிப்போகும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாங்கள் அளந்ததில் எல்லாம் ஒரே திசையில் திரும்பி நின்றன. கட்டுரை வெளிவந்தது. பல நாட்டிலிருந்தும் கடிதம் வந்தது. துஷ்யந்தி ஆய்வகம் முழுக்க லட்டு கொடுத்தாள்.

அப்படித் திரும்பி நின்றது ஆக்சிஜன் இல்லை, இரும்பு. இந்தக் குழாய்களை வளர்ப்பதே இரும்புத் துகள்களின் மேல்தான். வளர்ந்த பிறகு அமிலத்தில் கழுவுவார்கள். எப்படிக் கழுவினாலும் கரிக்கூட்டுக்குள் ஒளிந்துகொண்ட இரும்பு கொஞ்சம் தங்கிவிடும். அதனால்தான் ஆக்சிஜன் அடைக்காத வெறுங்குழாயைத் தனியாக அளந்து, அந்த அளவைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை வளர்க்கும் தொகுதிக்கும் இரும்பு மாறும் என்பதால், ஒவ்வொரு தொகுதிக்கும் புதிதாக அளக்க வேண்டும். கடைசித் தொகுதிக்கு நான் அளக்கவில்லை. குளிர வைக்கிற திரவ ஹீலியம் தீர்ந்துகொண்டிருந்தது, கட்டுரை அனுப்ப அவசரம். பழைய தொகுதியின் அளவை எடுத்துக் கழித்துவிட்டேன்.

அவள் இறந்து ஒரு வாரத்தில் வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று, எங்களுக்கு அப்படி வரவில்லையே என்று எழுதியது. அன்றே வெறுங்குழாயை வைத்து அளந்தேன். அதே காந்தம், அச்சு அசல். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைத் தலைவர் எழுதிவிட்டார். அதில் ‘மாதிரி தயாரிப்பில் ஏற்பட்ட தூய்மைக் குறை’ என்று ஒரு வரி. தயாரித்தவள் துஷ்யந்தி. கடிதத்தோடு இணைக்கத்தான் அவளுடைய நோட்டு வேண்டும் என்றார். அந்த நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் ஏறி உட்கார்ந்தவன் தூங்கிவிட்டேன். எழுந்தபோது கடைத்தெரு ஒன்றில் பஸ் நின்றிருந்தது. நடத்துநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, சண்டிலிப்பாய் தாண்டீற்றுது. இது சங்கானை. எழுப்புவம் எண்டுதான் பாத்தன், நீங்கள் வடிவா நித்திரை.”

எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் நாலு வசவு விழுந்திருக்கும். இங்கே என் தூக்கத்துக்கு மரியாதை கொடுத்து ஒரு ஊர் தள்ளிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். ஆட்டோ பிடித்துத் திரும்பினேன். வழி நெடுக வேலிக்கு அப்பால் செம்மண் தோட்டங்களில் தண்ணீர் நின்றது. செத்த வீட்டுக்கா, கல்யாண வீட்டுக்கா என்று ஓட்டுநர் கேட்டார். செத்த வீட்டுக்கு என்றேன். அதற்குப் பிறகு வானொலியை அணைத்துவிட்டார்.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. சந்திச் சுவரில் அவளுடைய படம். மழையில் ஊறிக் காது பக்கம் கிழிந்திருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. ஊர் வாசகசாலையான சனசமூக நிலையத்தார் ஒட்டியது. ‘ஒட்சிசனைக் காந்தமாக்கிய எம்மூரின் ஒளி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஆக்சிஜன் பிறப்பிலேயே காந்தம்தானய்யா என்று முணுமுணுத்துவிட்டு, குடைகூட விரிக்காமல் அங்கேயே நின்றேன்.

துஷ்யந்தியின் அண்ணன் தயாபரன் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார். வெங்காயமும் புகையிலையும் வைக்கிற தோட்டக்காரர், ஐம்பது வயது இருக்கும், தங்கையின் அதே நெற்றி. லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன் என்றேன்.

“என்ன கதை கதைக்கிறியள் சேர்? தங்கச்சியோடை வேலை செய்த ஆள். இந்த அறையிலை இருங்கோ. சாப்பாடு சைவம்தான், முப்பத்தொண்டு முடியுமட்டும் வீட்டிலை மச்சம் இல்லை.”

பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. பிட்டென்றால் வாழைப்பழமும் சர்க்கரையும் என்று வளர்ந்தவன் நான். இவர்கள் குழம்பைத் தேங்காய்ப்பாலோடு குழைத்துப் பிட்டின் தலையில் ஊற்றுகிறார்கள். நன்றாகவே இருந்தது. நன்றாக இருப்பதே சங்கடமாக இருந்தது. அம்மா வந்து எதிரே நின்றார். ஆஸ்பத்திரியில் பார்த்ததைவிடப் பாதியாகிவிட்டார். “கறி காணுமோ தம்பி?” என்றார். போதும் என்றேன். இன்னொரு அகப்பை ஊற்றினார்.

மறுநாள் காலையில் தயாபரன் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மானிப்பாய்க்குப் புறப்பட்டார். நோட்டை எடுத்தோமா, நடையைக் கட்டினோமா என்று இருக்கலாம் என நினைத்திருந்தவனுக்கு இது புதுச் சிக்கல். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியம், சாப்பாடு, அத்தோடு சரி. இங்கே முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி என்கிற சடங்கை முடித்து வந்து, வீட்டில் சாப்பிட வருகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம் கொடுப்பார்களாம். செத்தவருடைய வாழ்க்கை வரலாறு, தேவாரம், படங்கள் எல்லாம் போட்ட நினைவு மலர். அது மானிப்பாயில் ஓர் அச்சகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

“பதினாலாம் பக்கத்தை ஒருக்கா வடிவாப் பாத்துத் தாங்கோ சேர். தங்கச்சியின்ரை கண்டுபிடிப்பை நான்தான் எழுதினனான். பிழை கிழை இருந்தால் ஆக்கள் சிரிப்பினம்.”

பாதி வழியில் வண்டி நின்றுவிட்டது. பிளக்கில் தண்ணீர். அவர் கைலியின் நுனியால் துடைத்துத் துடைத்து உதைக்க, நான் ஒரு புகையிலைக் கொட்டிலின் ஓரம் ஒதுங்கினேன். இப்படியே வண்டி கிளம்பாமல் போனால் தேவலை என்று தோன்றியது. கிளம்பிவிட்டது.

அச்சகத்தில் முந்நூறு பிரதிகளும் அடித்து, மடித்து, அட்டை போட்டு அடுக்கியிருந்தார்கள். பார்த்துத் தருவதற்கு இனி என்ன இருக்கிறது என்று புரியவில்லை. என்னுடைய ‘சரி’யைக் கேட்கத்தான் அழைத்து வந்திருக்கிறார். பதினான்காம் பக்கத்தைப் படித்தேன். காபன், ஒட்சிசன் என்று ஈழத்துப் பாடப்புத்தகத் தமிழில், இத்தனை வருடத்தில் நான் எழுத முடியாத தெளிவோடு எழுதியிருந்தார் மனிதர். ‘வெளியில் முட்டிமோதும் மூலக்கூறுகள் ஒடுங்கிய குழாய்க்குள் போனதும் சங்கக்கடையில் அரிசிக்கு நிற்பதுபோல் வரிசையில் நிற்கின்றன. அப்போது அவையெல்லாம் ஒரே பக்கம் பார்க்கின்றன என்பதை எங்கள் துஷ்யந்தி கண்டாள்.’

“சரியோ சேர்?”

“சரியாத்தான் இருக்கு” என்றேன். கூசாமல் சொன்னேன் என்று எழுத ஆசைதான். கூசியது. ஆனாலும் சொன்னேன்.

எதிரே ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்தோம். கேட்காமலேயே ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தார்கள். எல்லாம் எனக்கென்று நினைத்து, பதற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தின்று தீர்த்தேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுவதுதான் இங்கே வழக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. கடைக்காரர் காலித் தட்டைப் பார்த்துவிட்டு, “இந்தியாக்காரருக்கு நல்ல பசி” என்றார். தயாபரன் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே சொன்னார்:

“ஞாயிற்றுக்கிழமையிலை போனிலை கதைக்கேக்கை அவ உங்களைப் பற்றித்தான் சொல்லுவா. சேது அண்ணை அளந்தால் பிழைக்காது எண்டு.”

தண்ணீர் குடித்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரும்பு, வெறுங்குழாய், பழைய தொகுதியின் அளவு, வெளிநாட்டுக் கடிதம். பாதிக்கு மேல் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் டீக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப ஒட்சிசன் ஒரு பக்கம் பாக்கேல்லையோ?”

“இல்லை.”

“பிழை ஆற்றை?”

“என்னுடையது.”

“உங்கடை ஆக்கள் என்னெண்டு எழுதப் போகினம்?”

தயாரிப்பில் குறை என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன்.

“தயாரிச்சது தங்கச்சி.”

“ஆமாம்.”

“அவவுக்கு உந்த வெறுங்குழாய் அளக்கவேணும் எண்டு தெரியாதோ?”

“தெரியும். அளக்கச் சொல்லிக் கேட்டாள். நோட்டிலும் எழுதியிருக்கிறாள்.”

அவர் கோப்பையை வைத்தார். என்னை அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் எழுந்து, கடைக்காரரிடம் மழை விட்டுவிட்டதா என்று கேட்டார். விடவில்லை. நனைந்துகொண்டே தெருவைக் கடந்து மறுபடி அச்சகத்துக்குள் போனார். நான் பின்னால் போனேன்.

அச்சகக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “பேர் மாறினால், திகதி பிழைச்சால் நாங்கள் ஒரு துண்டு அடிச்சு ஒட்டுறனாங்கள். பிழை திருத்தம். என்ன போடவேணும் எண்டு எழுதித் தாங்கோ, பின்னேரம் தாறன்.”

தயாபரன் மேசையிலிருந்த பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். நின்றபடியே எழுதினேன். ‘பிழை திருத்தம்: பக்கம் 14இல் கூறப்படும் காந்தத்தன்மை ஒட்சிசனுடையதன்று, குழாய்களில் தங்கிய இரும்பினுடையது. வெறுங்குழாயையும் அளக்கவேண்டும் என்று துஷ்யந்தி கேட்டிருந்தார். அளக்காதது என் தவறு. — சேதுராமன்.’ அச்சகக்காரர் சொற்களை எண்ணி, ஒரு கட்டத்துக்குள் அடங்கும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து நோட்டை எடுத்துக் கொடுத்தார் தயாபரன். இவர்கள் அதைக் கொப்பி என்கிறார்கள். நான் தேடிய பக்கத்தை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தேன். ஆங்கிலத்தில் எடைகளும் வெப்பநிலைகளும், ஓரத்தில் தமிழில் அவளுடைய நெருக்கமான எழுத்து. ‘புதுத் தொகுதி. வெறுங்குழாய் அளக்கவேணும். சேது அண்ணை: தேவையில்லை, பழையது போதும்.’ அதன் கீழே, நாலு நாள் தள்ளிய தேதியில், ‘திரும்பக் கேட்டன்.’ அவ்வளவுதான். இதைக் கிழித்தெறிய முடியுமா என்று சென்னையில் உட்கார்ந்து நான் யோசித்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் யோசித்தது யோசித்ததுதான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பி, கடிதத்தில் குறை என்னுடையதென்று மாற்றி எழுதுங்கள் என்றேன். ‘நன்றாக யோசித்தாயா?’ என்று ஒரு வரி வந்தது. யோசித்தேன் என்று பதில் போட்டேன். வருகிற வருடம் எனக்கு வரவேண்டிய பதவி இனி வராது. அது தெரிந்தும் மனம் லேசாகவில்லை. லேசாகும் என்று எங்கேயோ நம்பியிருந்தேன் போல.

நான் வந்த மூன்றாம் நாள் மத்தியானம் கூடத்தில் பாய் விரித்து, முந்நூறு மலர்களையும் அடுக்கிவைத்து, துண்டுச் சீட்டுகளை ஒட்ட உட்கார்ந்தோம். கோதுமை மாவில் காய்ச்சிய பசை. தயாபரன் பந்தல்காரரைப் பார்க்கப் போய்விட்டார். நானும் அம்மாவும் மட்டும். மறுநாள் அந்தியேட்டி. முற்றத்தில் யாரோ வாடகை நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினான்காம் பக்கத்தைப் பிரி, பசை தடவு, ஒட்டு, உள்ளங்கையால் அழுத்து. என் பெயரை நானே ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஐம்பது அறுபது ஆனபோது ஒரு மாதிரி நிம்மதி வந்தது. செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்கிற நிம்மதி. அம்மா ஒரு சீட்டை எடுத்துக் கண்ணருகே பிடித்து மெதுவாக வாசித்தார். இரண்டாம் முறையும் வாசித்தார்.

“தம்பி, வெறுங்குழாய் எண்டு இதிலை கிடக்கு. அண்டைக்கு ஆசுப்பத்திரியிலை பிள்ளை உங்களிட்டைக் கேட்டது உதுதானே?”

“ஆமாம்மா.”

“அளந்தாச்சு, சரியா இருக்கு எண்டு சொன்னனீங்கள்.”

இதை நான் இதுவரை எழுதவில்லை. தயாபரனிடமும் சொல்லவில்லை. அவளைக் கடைசியாகப் பார்க்கப் போன அன்று, உதடு வெடித்துப் பேசவே முடியாமல் கிடந்தவள், “அண்ணை, வெறுங்குழாயை அளந்தனீங்களோ?” என்று கேட்டாள். அளந்தாச்சு, சரியா இருக்கு, நீ தூங்கு என்றேன். அளக்கவில்லை. அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன் என்று என்னையே நம்பவைத்திருந்தேன். என் காரியத்தை மூடத்தான் சொன்னேன். கட்டில் அருகே ஒரு ஸ்டூலில் அம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு இதெல்லாம் என்ன விளங்கப்போகிறது என்று அன்று நினைத்தேன்.

“ஊசி போட்டும் கண் மூடாத பிள்ளை, தம்பி. பத்து நாளா முழிச்சு முழிச்சுக் கிடந்தது. நீங்கள் சொல்லிப்போட்டுப் போனாப்பிறகு விடியுமட்டும் நித்திரை கொண்டது. செத்த வீட்டுத் துடக்குக் கழிஞ்ச உடனை உங்கடை பேரிலை எங்கடை பிள்ளையாருக்கு ஒரு அருச்சனை செய்யவேணும் எண்டு நான் நேந்து வைச்சிருக்கிறன்.”

மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

“அப்ப அளக்கேல்லை.”

“இல்லம்மா.”

அவர் கையை நீட்டி, என் முன்னால் இருந்த அடுக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பசைக் கிண்ணத்தையும் நகர்த்தினார். “விடுங்கோ தம்பி. மிச்சத்தை நான் ஒட்டுறன்.”

நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் ஒட்டிக்கொண்டே போனார். ஓரம் பிசகாமல், அவசரப்படாமல், என்னைவிட நன்றாக. பத்து இருபது ஆகியிருக்கும். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“உங்கடை நட்சத்திரம் என்ன? நேந்ததைச் செய்யாமல் விடேலாது.”

கேட்டை என்றேன். ஒரு துண்டுச் சீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.